ஜப்பான் வாள் வாங்குவோர் கவனிக்க!

1945-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி. இந்தோ சீனாவில் உள்ள சைகோன் நகரம்.

ஜப்பானின் தென்பகுதிப் படைகளுக்கெல்லாம் தலைவராக இருந்த பீல்டு மார்ஷல் தெராவுச்சி, மவுண்ட்பேட்டன் பிரபுவின் முன்னால் நின்றார். அவர் நோயாளி. செப்டம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானபோதுகூட அவரால் வர முடியவில்லை. இட்டகாகி என்ற தளபதிதான் அவருக்காக வந்து கையெழுத்துப் போட்டார்.

ஆனால் மவுண்ட்பேட்டன் அத்துடன் விடவில்லை. தெராவுச்சி தம் கையாலேயே வாளைக் கொடுத்தாக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

அன்று தெராவுச்சி இரண்டு வாள்களைக் கொடுத்தார். அவற்றில் ஒன்றை மவுண்ட்பேட்டன் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்கு அளித்தார்.

இரண்டு மூன்று அடி இரும்புக்கு ஏன் இத்தனை மதிப்பு?

ஜப்பான் ராணுவ அதிகாரிக்கு வாள் வெறும் ஆயுதம் அல்ல. அதுதான் அவருடைய மானம். அதைச் சொந்தச் சிப்பாய்களின் கண் எதிரில் பறிகொடுத்தால்தான், தோல்வி எல்லோருக்கும் புரியும் என்று மவுண்ட்பேட்டன் நினைத்தார். அப்படியே செய்ய உத்தரவும் போட்டார்.

யுத்தம் முடிந்தது. வாள்கள் குவிந்தன. அமெரிக்கர், பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், இந்தியர் எனப் பல நாட்டுச் சிப்பாய்களும் அதிகாரிகளும் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுவரில் மாட்டினார்கள். பரணில் போட்டார்கள்.

கொண்டுவந்தவர்கள் காலமானார்கள். பிள்ளைகளும் பேரன்களும் அவற்றை விற்கிறார்கள். ஏலக் கடைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் அவை கைமாறுகின்றன. வாங்குவதற்குப் புதிது புதிதாக ஆட்கள் வருகிறார்கள்.

ஆசை தவறு அல்ல. அவசரம்தான் தவறு. வாளை வாங்கும் முன் வாளைப் பற்றிய அறிவை வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பணமும் போகும். நல்ல வாளும் பாழாகும். அதைவிடப் பெரிய நஷ்டமும் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் பார்க்கலாம்.

எல்லா வாளும் ஒன்றா?

இல்லை. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

1934-ஆம் ஆண்டுக்கு முன்னால் ஜப்பான் ராணுவ அதிகாரிகள் ஐரோப்பிய பாணியில் கைப்பிடி அமைந்த வாளைத்தான் வைத்திருந்தார்கள். 1934-ல் ராணுவம் பழைய சாமுராய் பாணிக்குத் திரும்பியது. கைப்பிடிக்குத் திருக்கை மீன் தோல் போர்த்தி, அதன்மேல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினார்கள். 1938-ல் அதையே சற்று எளிமையாக்கினார்கள். கடற்படைக்கு 1937-ல் தனி வாள் வந்தது.

அதிகாரிகள் தங்கள் வாளைச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். ஆகவே வசதி உள்ளவரின் வாள் உயர்ந்ததாக இருக்கும். இல்லாதவரின் வாள் மலிவாக இருக்கும்.

ஹவில்தார் போன்ற கீழ்நிலைத் தலைவர்களுக்கு ராணுவமே வாள் கொடுத்தது. அது 1935-ல் வந்த வகை. முழுக்க முழுக்க இயந்திரத்தில் செய்தது. கைப்பிடி உலோக வார்ப்பு. முதலில் செம்பில் வார்த்தார்கள். பிறகு அலுமினியத்தில் வார்த்து, நாடா சுற்றியதுபோல் வர்ணம் பூசினார்கள். யுத்தத்தின் கடைசியில் மரக் கைப்பிடிதான்.

இந்த வகை வாளில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. வாளின் அடியில் அது பொறிக்கப்பட்டிருக்கும். உறையிலும் அதே எண் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால், எங்கேயோ ஒருமுறை வாளும் உறையும் மாறிவிட்டன என்று அர்த்தம். அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

குஞ்சத்தையும் பார்க்கலாம். பழுப்பும் நீலமும் கலந்த குஞ்சம் காப்டன் வரை உள்ள அதிகாரிகளுக்கு. பழுப்பும் சிவப்பும் மேஜர், கர்னல்களுக்கு. தங்க நிறம் சேர்ந்தால் ஜெனரலுக்கு. ஆனால் குஞ்சத்தை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. குஞ்சத்தை அவிழ்த்து இன்னொன்றைக் கட்ட ஒரு நிமிஷம் போதும்!

உள்ளே இருப்பது என்ன?

வெளிக்கோலம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இரும்பு மூன்று விதமாக இருக்கலாம்.

முதல் விதம், யுத்த காலத்தில் அவசரமாகச் செய்தது. ஆலை எஃகை எடுத்து, அடித்து அல்லது அழுத்தி வடிவம் கொடுத்து, எண்ணெயில் தோய்ச்சல் போட்டது. அதிகாரிகளின் வாள்களில் பெரும்பாலானவை இந்த ரகமே. கிபு மாகாணத்தில் உள்ள செக்கி என்ற ஊர் பழைய காலம் முதல் வாளுக்குப் பேர் போனது. அங்கிருந்து இப்படிப்பட்ட வாள்கள் ஏராளமாக வந்தன.

இரண்டாவது விதம், அதே காலத்தில் பழைய முறைப்படி செய்தது. இரும்பு மணலைக் கரி போட்டு உருக்கி எடுத்த எஃகை, மடித்து மடித்து அடித்து, களிமண் பூசித் தண்ணீரில் தோய்ப்பார்கள். வாயில் களிமண் மெல்லியதாகவும் முதுகில் கனமாகவும் இருக்கும். அதனால் வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டியாகும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளகியே இருக்கும். வெட்டவும் செய்யும், ஒடியாமல் தாங்கவும் செய்யும். டோக்கியோவில் உள்ள யாசுகுனி கோவில் வளாகத்தில் 1933 முதல் 1945 வரை இப்படி ஏறத்தாழ 8,100 வாள்கள் தயாராயின.

மூன்றாவது விதம்தான் அதிசயம். பாட்டன் பூட்டன் காலத்து வாளை எடுத்து, ராணுவக் கைப்பிடியும் உறையும் போட்டுக்கொண்டு யுத்தத்துக்குப் போனவர்களும் உண்டு. அழுக்கேறிய ராணுவ உறைக்குள் முந்நூறு நானூறு ஆண்டுப் பழமையான வாள் இருந்ததும் உண்டு.

ஆனால் இந்த மூன்றாவது விதத்தைச் சொல்லித்தான் வியாபாரிகள் ஆளை மயக்குகிறார்கள். 'குடும்ப வாள்' என்று அவர்கள் சொல்வதில் பெரும்பாலானவை செக்கி ஆலை வாள்களே.

மூங்கில் ஆணி சொல்லும் உண்மை

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

கைப்பிடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதிகாரியின் வாளில் கைப்பிடியையும் வாளையும் இணைப்பது பெரும்பாலும் ஒரு சிறு மூங்கில் ஆணிதான். அதைப் பக்குவமாகத் தட்டி எடுத்தால் கைப்பிடி கழன்று வரும். உள்ளே மறைந்திருக்கும் காம்பு வெளியே தெரியும். உண்மை அங்கேதான் இருக்கிறது.

காம்பில் கொல்லரின் பெயர் இருக்கலாம். தேதி இருக்கலாம். சிறு முத்திரை இருக்கலாம். செக்கி முத்திரையோ ஷோவா முத்திரையோ இருந்தால், அது பழைய முறைப்படி செய்ததல்ல என்று கொள்ளலாம். நட்சத்திர முத்திரை இருந்தால், ராணுவம் ஏற்றுக்கொண்ட கொல்லர் பழைய முறைப்படி செய்தது. நங்கூர முத்திரை கடற்படையைக் காட்டும். அதில் துரு ஏறாத எஃகும் உண்டு.

தேதியைப் படிப்பது கஷ்டம் அல்ல. ஜப்பானியர் தங்கள் சக்கரவர்த்தியின் ஆட்சி ஆண்டைத்தான் பொறிப்பார்கள். ஷோவா 17 என்று இருந்தால் அதனுடன் 1925-ஐக் கூட்ட வேண்டும். 1942 என்று கிடைக்கும். அவ்வளவுதான்.

கைக்காப்பிலும் அதை ஒட்டிய மெல்லிய தகடுகளிலும் சிறு எண்கள் பொறித்திருக்கும். எல்லாவற்றிலும் ஒரே எண் இருந்தால், பிறந்த நாள் முதல் அவை ஒன்றாகவே இருந்தன என்று அறியலாம்.

கழற்றிப் பார்க்க விடாத வியாபாரியிடம் வாங்கக் கூடாது. ஆணி இறுகிவிட்டது என்று சாக்குச் சொன்னால், பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். பெண் முகத்தைக் காட்டாமல் கல்யாணம் பேசுகிறவனிடம் என்ன பேச்சு?

போலிகளின் சந்தை

இந்த வாள்களுக்குக் கிராக்கி ஏற ஏறப் போலிகளும் பெருகிவிட்டன. புதிதாகச் செய்து, திராவகத்தில் ஊறவைத்துத் துருவேற்றி, பழசு என்று விற்கிறார்கள்.

போலிக்குச் சில அடையாளங்கள் உண்டு.

காம்பின் துருவைப் பார்க்க வேண்டும். எண்பது ஆண்டுத் துரு கரும்பழுப்பாக, இரும்போடு இரும்பாக ஒட்டியிருக்கும். நேற்று ஏற்றிய துரு செம்மண்போல் கையில் ஒட்டும்.

வாயோரம் ஓடும் தோய்ச்சல் கோட்டைப் பார்க்க வேண்டும். உண்மையான கோடு, வாளை விளக்கின் கீழ் சாய்க்கச் சாய்க்கப் பனிமூட்டம்போல் மாறி மாறித் தெரியும். திராவகத்தால் வரைந்த கோடு சுண்ணாம்பு அடித்ததுபோல் எப்படிப் பார்த்தாலும் ஒரே வெள்ளையாக இருக்கும்.

கைக்காப்பில் உள்ள செர்ரிப் பூவைப் பார்க்க வேண்டும். அசலில் இதழ்கள் தெளிவாக இருக்கும். போலியில் மழுங்கியிருக்கும்.

பெரிய கொல்லரின் பெயர் பொறித்திருந்தால் இரண்டு மடங்கு சந்தேகப்பட வேண்டும். புகழ் பெற்றவர்களின் பெயரைப் பொய்யாகப் பொறிப்பது ஜப்பானில் பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் மோசடி.

இவை எல்லாம் ஒரே நாளில் கண்ணுக்குப் பிடிபடுமா? பிடிபடாது. ஆகவே புதியவர் செய்ய வேண்டியது ஒன்றே. முதல் ஆறு மாதம் எதையும் வாங்கக் கூடாது. பார்க்க வேண்டும். கண்காட்சிக்குப் போக வேண்டும். புத்தகம் படிக்க வேண்டும். அசல் வாள் வைத்திருக்கும் அனுபவசாலியிடம் கேட்டு, பத்து வாளையாவது கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் வாள் வாங்கும்போது, போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

புளி போட்டுத் தேய்க்காதே!

வாள் வீட்டுக்கு வந்துவிட்டது. துரு தெரிகிறது. உடனே என்ன செய்யத் தோன்றும்?

உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத் தோன்றும். பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கத் தோன்றும். வாளுக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது!

காம்பின் துருதான் வாளின் ஜாதகம். அதைத் தேய்த்தவன் ஜாதகத்தைக் கிழித்தவன். வாளின் மேல்பரப்போ, தேர்ந்த சாணைக்காரர் பல கற்களை மாற்றி மாற்றி, பல நாள் உழைத்து மெருகேற்றியது. வீட்டில் தேய்க்கும் பத்து நிமிஷத்தில் அது அழிந்துவிடும். திரும்பக் கொண்டுவரப் பெரும் பணம் செலவாகும். சில சமயம் திரும்பியே வராது.

விரலால் வாளைத் தொடக் கூடாது. வியர்வை பட்ட இடத்தில் துரு ஏறும். மெல்லிய துணியால் துடைத்து, இதற்கென்றே விற்கும் கிராம்பு மணமுள்ள எண்ணெயைத் துளி தடவினால் போதும்.

உருவும்போது கூர்ப்பக்கம் மேலே இருக்க வேண்டும். முதுகு உறையை ஒட்டியபடி மெதுவாக வர வேண்டும். பழைய உறை பிளந்திருந்தால் உள்ளிருக்கும் வாய் விரலை அறுத்துவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் பூட்டிய அலமாரிதான் வாளுக்கு இடம். சுவர் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். பிரிட்டனில் 50 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வளைந்த வாள் விற்பனையை 2008-ல் தடுத்தார்கள். ஆனால் 1954-க்கு முன் செய்தவற்றுக்கும், பழைய முறைப்படி கையால் செய்தவற்றுக்கும் விலக்கு உண்டு.

ஜப்பானிலேயே 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கலைப் பொருளாகப் பதிவு பெற்ற வாளைத்தான் வைத்திருக்கலாம். ஆலையில் செய்த ராணுவ வாளுக்குப் பதிவு கிடைக்காது. பிறந்த நாட்டிலேயே அதற்கு இடம் இல்லை!

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வாளையும் ஆயுதமாகவே கருதுகிறது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவர லைசென்ஸ் வேண்டும். ஆகவே பணம் அனுப்பும் முன் அதிகாரிகளிடம் விசாரிக்க வேண்டும். வாள் துறைமுகத்தில் மாட்டிக்கொண்ட பிறகு விசாரித்துப் பயன் இல்லை.

ரத்தக் கதை

இனி, அந்தப் பெரிய நஷ்டம்.

சில வியாபாரிகள் வாளை விற்பதில்லை. கதையை விற்கிறார்கள். இந்த வாள் இத்தனை தலையை வெட்டியது என்று மெல்லிய குரலில் சொல்கிறார்கள். வாங்குகிறவனும் கண்ணை அகல விரித்துக் கேட்கிறான். விலை இரண்டு மடங்காகிறது.

இது இழிவான வியாபாரம்.

அந்த வாள்கள் தலைகளை வெட்டியது உண்மைதான். 1943 அக்டோபர் 24-ந் தேதி நியூகினித் தீவில் லெனார்ட் சிஃப்லீட் என்ற ஆஸ்திரேலியச் சிப்பாயை, கண்ணைக் கட்டி மண்டியிட வைத்து வாளால் வெட்டினார்கள். வெட்டுவதற்கு முன் வாள் ஓங்கியிருந்த கணத்தைப் படமும் எடுத்தார்கள். அந்தப் படம் பிறகு நேச நாட்டுப் படையிடம் சிக்கியது. உலகமே பார்த்துப் பதறியது.

சயாம் ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. அங்கே அதிகாரம் செய்தவர்களின் இடுப்பில் தொங்கியதும் இதே வாள்தான்.

இந்தத் துயரத்தை விலைச் சீட்டில் எழுதி விற்கலாமா? செத்தவனுக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு தாய் உண்டு. ஆதாரம் இல்லாமல் சொல்லும் ரத்தக் கதை, உண்மையாகச் செத்தவர்களையும் கட்டுக்கதையாக்கிவிடும். அதுதான் பெரிய நஷ்டம். அந்தக் கதைக்கு ஒரு காசுகூட அதிகம் கொடுக்காமல் எழுந்து வருகிறவனே நல்ல சேகரிப்பாளன்.

உருக்கிவிடலாமா?

அப்படியானால் இந்தக் கொலைக் கருவிகளை எல்லாம் உருக்கிவிட்டால் என்ன? சிலர் இப்படியும் கேட்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் முடிவு சரியல்ல.

யுத்தம் முடிந்ததும் ஜப்பானில் அதுதான் நடந்தது. வீட்டு வாள்களையும் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஏராளமான வாள்கள் அழிந்தன. தோக்குகாவா குடும்பத்தின் 'ஹோஞ்சோ மசாமுனே' 1939-ல் தேசியப் பொக்கிஷமாக அறிவிக்கப்பட்டது. 1945 டிசம்பரில் டோக்கியோவில் உள்ள மெஜிரோ போலீஸ் நிலையத்தில் அதை ஒப்படைத்தார்கள். அத்துடன் சரி. அது எங்கே போயிற்று என்று இன்றுவரை துப்புக் கிடைக்கவில்லை.

அறுநூறு ஆண்டுக்கு முன்னால் உலைக்களத்தில் வியர்வை சிந்திய கொல்லர் என்ன பாவம் செய்தார்? தவிர, கொடுமை செய்த வாளும் சாட்சிதான். சாட்சியை அழித்தால் யாருக்கு லாபம்? கொடுமையே நடக்கவில்லை என்று சொல்ல வருகிறவனுக்குத்தான் லாபம்.

ஆகவே வைத்திருக்கலாம். ஆனால் வெற்றிச் சின்னமாக அல்ல. அடக்கலப் பொருளாக.

அட்டையில் ஒரு பெயர்

சில வாள்களின் கைப்பிடியில் சிறு துணியோ மரத்துண்டோ கட்டியிருக்கும். அதில் ஜப்பானிய எழுத்தில் ஏதோ எழுதியிருக்கும். விவரம் தெரியாதவர்கள் அதை அறுத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

சரணடைந்த அதிகாரி என்றாவது ஒருநாள் வாள் திரும்பி வரும் என்று நம்பி, தன் பெயரையும் ஊரையும் எழுதிக் கட்டிய சீட்டு அது!

அதை அவிழ்க்காமல் படம் எடுத்து, ஜப்பானிய மொழி தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். குடும்பம் கிடைத்தால் எழுதிக் கேட்கலாம். ஆலையில் செய்த வாளைச் சட்டப்படி அவர்கள் பெற்றுக்கொள்ள முடியாமல் போகலாம். பழைய குடும்ப வாளாக இருந்தால் அது வீடு போய்ச் சேர வழி உண்டு. ஒன்றும் முடியாவிட்டாலும், அந்தப் பெயர் வாளுடனேயே இருக்கட்டும்.

இப்படிச் செய்தவர் உண்டா என்று கேட்கலாம். உண்டு.

வால்டர் காம்ப்டன் என்ற அமெரிக்கர் ஜப்பான் வாள்களைச் சேகரித்துவந்தார். யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் ஒரு பழம்பொருள் கடையில் ஒரு வாளை வாங்கினார். பிறகு ஆராய்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அது குனிமுனே என்ற பழங்காலக் கொல்லர் செய்தது. ககோஷிமா நகரில் உள்ள தெருக்குனி கோவிலுக்குச் சொந்தமானது. ஜப்பானின் தேசியப் பொக்கிஷம்!

விற்றிருந்தால் பெரும் பணம் வந்திருக்கும். சட்டப்படி அவரை யாரும் கேட்டிருக்கவும் முடியாது. கடையில் காசு கொடுத்து வாங்கியவர் அவர்.

1963-ஆம் ஆண்டு அவர் அந்த வாளை ஜப்பானுக்கே திருப்பிக் கொடுத்தார். விலை எதுவும் வாங்கவில்லை.

அவரால் ஏன் அப்படிச் செய்ய முடிந்தது? கொடுக்கும் மனம் இருந்தது. ஆனால் மனம் மட்டும் போதாது. கையில் இருப்பது இன்னது என்று அறியும் அறிவும் இருந்தது. அந்த அறிவு இல்லாதவர் கையில் அதே வாள் கிடைத்திருந்தால், உப்புத்தாளில் தேய்ந்து, சுவரில் தொங்கி, துருப்பிடித்துப் போயிருக்கும்.

வாள் வாங்கப் புறப்படுகிறவர் பணப்பையைத் தொடும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.